யானைக்கு முதல் பத்திரிகை

தேனிப் பக்கம் ஒட்டாங்குளம் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் முறை தவறாதவர்கள், அவ்வளவுதான். ஒருமுறை அங்கே ஒரு வைக்கோல் படப்பு தீப்பிடித்தது. தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, 'வாங்க வாங்க' என்று வரவேற்று, கொண்டுவந்த குடத்துத் தண்ணீரிலேயே அவர்கள் காலைக் கழுவவைத்து, அதன்பிறகுதான் உள்ளே விட்டார்கள். படப்பு போனது. ஆனால் விருந்தாளியை மதிக்கவில்லை என்று ஒருத்தர் சொல்ல முடியாது.

அந்த ஊர் மொக்கராசுவின் மகள் பூமயிலுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை நல்ல பையன். மண்டபம் பேசியாகிவிட்டது, சமையலுக்கு ஆள் பேசியாகிவிட்டது. பூமயில் மட்டும் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"தவசி மாமா வந்து மாலை போட்டாத்தான் மணையில உக்காருவேன். இல்லாட்டி எனக்குக் கல்யாணமே வேணாம்."

தவசி என்பவர் அவளுடைய தாய்மாமன், அதாவது மொக்கராசுவின் மனைவி ஒச்சம்மாளின் ஒரே தம்பி. ஊரில் தாய்மாமன் மாலை இல்லாமல் தாலி ஏறாது. ஆனால் தவசி ஊரில் இல்லை. ஆப்பிரிக்காவில் இருந்தார்.

அவர் ஆப்பிரிக்காவுக்குப் போனதே ஓர் அழைப்புப் பத்திரிகையால்தான். பூமயிலுக்குக் காதுகுத்து வைத்தபோது மொக்கராசு மச்சினன் வீட்டுக்குப் போய் முறைப்படி அழைக்காமல், கிளம்புகிற பஸ்ஸில் தவசியைப் பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பத்திரிகையை உள்ளே எறிந்தார். அது தவசியின் மூக்கில் பட்டது. தாய்மாமனுக்கு இதைவிட ஓர் அவமானம் கிடையாது. அந்த பஸ்ஸிலேயே போனவர், ஒரு போர்வெல் லாரிக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்து, லாரியோடு கப்பலேறி கென்யாவுக்குப் போய்விட்டார். இப்போது அங்கே ஒரு காட்டு விலங்குப் பூங்காவில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சிங்கம் காட்டுகிற ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவோடு பேசுவதும் இல்லை.

ஆகவே நேரில் போய் அழைப்பது என்று முடிவாயிற்று. வீட்டுக் கறவை மாடுகள் விமானச் சீட்டுகளாக மாறின. மொக்கராசு, அவருடைய தம்பி வீரணன், முறை தெரிந்தவர் என்று ஊரே மதிக்கிற பெரியண்ணன் சடையாண்டி, மூன்று பேரும் கிளம்பினார்கள். வாசல் வரை வந்த ஒச்சம்மாள் புருஷனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மறுபடியும் கோளாறு பண்ணிறாதீக. என் தம்பியை அவன் வீட்டுல வச்சுத்தான் அழைக்கணும். ரோட்டுல வச்சு நீட்டாதீக. மூத்தவுகளுக்கு முதல்ல வச்சு, குடும்பத்துல ஒருத்தர் விடாம அழைச்சுட்டு வாங்க."

"நாங்க என்ன சின்னப் பிள்ளைகளா?" என்றார் சடையாண்டி.

விமானத்தில் ஏறியதும் வீரணன் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டான். இறங்கச் சொன்ன பிறகுதான் திறந்தான். வழியில் ஒரு கடல் இருந்தது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

சேதி முன்பே போயிருந்ததால், விமான நிலையத்தில் தவசி நின்றுகொண்டிருந்தார். முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தார். ஆனால் சட்டை புதிது, தலையில் எண்ணெய் வழிந்தது. மொக்கராசுவின் கையில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டைப் பார்த்ததும் அவருடைய கண் அதிலேயே நின்றது.

மொக்கராசு கட்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"இப்ப இல்ல மாப்ள. இது ரோடு. உன் வீட்டுக்குப் போயித்தான்."

தவசிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இவர்களுக்கும் புத்தி வந்துவிட்டதே என்று நினைத்தார். பாவம்.

ஜீப்பில் ஏறிப் பூங்காவின் வாசலைத் தாண்டினார்கள். இருபுறமும் மஞ்சள் புல், குடை பிடித்தது போல மரங்கள், ஒரு பெரிய வானம். மேல்கூரையைத் திறந்துவிட்டு, தவசி பயணிகளிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். வண்டியை விட்டு இறங்கக் கூடாது. கையை வெளியே நீட்டக் கூடாது. எந்த விலங்குக்கும் எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது. மூன்று பேரும் மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

"சரி மாப்ள, உன் வீடு எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார் மொக்கராசு.

தவசி வண்டியை நிறுத்தினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டைச் சுற்றிக் காட்டினார்.

"எனக்கு ஏது மச்சான் வீடு? படுக்க ஒரு தகரக் கொட்டகை, அம்புட்டுத்தான். இந்தக் காடுதான் என் வீடு. இந்தா மேயுதுகளே, இதுகதான் என் குடும்பம்."

கேட்பவர்கள் கண் கலங்கட்டும் என்றுதான் அவர் சொன்னார். மொக்கராசுவுக்கும் வீரணனுக்கும் கலங்கத்தான் செய்தது. சடையாண்டிக்குக் கலங்கவில்லை. அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுப் பெரிய குடும்பம்னு ஒச்சம்மா சொல்லவே இல்லையே," என்றார். "நல்லவேளை, பத்திரிகை கூடுதலாக் கொண்டாந்தோம்."

அடுத்து எழுந்தது மூத்தவர் யார் என்ற கேள்வி. அதை லேசில் விட முடியாது. ஊரில் மூத்தவரை விட்டு இளையவருக்கு முதலில் பத்திரிகை வைத்து, மூன்று தலைமுறை பேச்சில்லாமல் போன குடும்பங்கள் உண்டு.

"அந்தா, ஒட்டகச்சிவிங்கி," என்றான் வீரணன். "அவுகதான் இருக்கிறதுல உசரம்."

"உசரம் மூப்பாகுமாடா? உன்னைவிட நான் குட்டை. நான் உனக்குத் தம்பியா?" என்றார் சடையாண்டி.

"சிங்கம் ராஜால்ல அண்ணே?" என்றார் மொக்கராசு.

"ராஜாங்கிறது உத்தியோகம். வீட்டுல கலெக்டரா இருந்தாலும் தம்பி தம்பிதான். ஒடம்பப் பாரு, சுருக்கத்தப் பாரு. யானைதான் மூத்தவரு. மொதப் பத்திரிகை அவருக்கு."

"யானைக்கு என்னத்துக்குப் பத்திரிகை?" என்று திகைத்தார் தவசி.

சடையாண்டி அவரைத் தட்டிக் கொடுத்தார். "நீ சின்னவன் தவசி. பெரியவுகளுக்கு வைக்கிறப்ப குறுக்க பேசக் கூடாது. உன் முறை வரும். கடைசியில வரும்."

தவசி வாயை மூடிக்கொண்டார். எனக்கு எங்கே என்று அவர் கேட்கலாம். கேட்டு வாங்கினால் அது அழைப்பாகுமா? அவரும் ஒட்டாங்குளத்துக்காரர்தான், அந்த அளவு முறை அவருக்கும் தெரியும்.

யானை சாவகாசமாக வந்து ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றது. தட்டில் பத்திரிகை, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, தேங்காய் எல்லாம் தயார். ஆனால் கையை வெளியே நீட்டக் கூடாதே.

"காலால நீட்டட்டுமா?" என்றான் வீரணன்.

"பெரியவருக்குக் காலாலயா? வெளங்கிரும். தலையை நீட்டக் கூடாதுன்னு தவசி சொன்னானா?"

"சொல்லல."

"அப்ப தலையில வச்சு நீட்டு."

"பழத்தைத் தின்னக் குடுக்கக் கூடாதுல்ல அண்ணே?" என்று மொக்கராசுவுக்கு ஒரு சந்தேகம்.

"தாம்பூலம் திங்கவா குடுக்குறோம்? மரியாதைக்குக் குடுக்குறோம். தின்னா அது அவுக இஷ்டம்."

வீரணன் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, மேல்கூரை வழியாகக் கழுத்து வரை எழும்பி நின்றான். மூன்று பேரும் ஒரே குரலில், "கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்திருந்து நடத்திக் குடுக்கணும்," என்றார்கள். யானை பழத்தை எடுத்தது, வெற்றிலையை எடுத்தது, தேங்காயை எடுத்தது, பத்திரிகையையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. பிறகு வீரணனின் தலையையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டது.

"தேதி என்னன்னுகூடப் பார்க்கல," என்று நெகிழ்ந்தார் மொக்கராசு. "அம்புட்டு நம்பிக்கை."

யானை அசைபோட்ட வாயிலிருந்து ஒரு குச்சி தட்டில் விழுந்தது.

"பாத்தியா? வெறுந்தட்டாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு பெரிய மனுசருக்குத் தெரிஞ்சிருக்கு," என்று சொல்லி, அந்தக் குச்சியைக் கண்ணில் ஒற்றி மடியில் கட்டிக்கொண்டார் சடையாண்டி.

அடுத்தது சிங்கம். அது ஒரு மரத்தடியில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறவரை எழுப்பிப் பத்திரிகை வைப்பது எந்த ஊர் மரியாதை? காத்திருந்தார்கள். வேறு ஜீப்புகள் வந்தன, படம் பிடித்தன, போயின. இவர்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வெயிலில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார்கள்.

சுற்றிலும் படுத்திருந்த பெண் சிங்கங்களைப் பார்த்து மொக்கராசுவுக்கு ஒரு குழப்பம்.

"அண்ணே, இம்புட்டுச் சம்சாரம் இருக்காகளே. ஒரு பத்திரிகை போதுமா, ஆளுக்கொன்னு வைக்கணுமா?"

"அது ஒரே உலையா, தனித்தனி உலையாங்கிறதப் பொறுத்தது. தவசி, உன் வீட்டுல எப்படி?"

"எல்லாம் ஒன்னாத்தான் திங்கும்," என்றார் தவசி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்ப கூட்டுக் குடும்பம். ஒன்னு போதும்."

சிங்கம் கண் விழித்துக் கொட்டாவி விட்டது. தட்டைத் துண்டில் கட்டி, கிணற்றில் வாளி இறக்குவது போல வீரணன் கூரையிலிருந்து இறக்கினான். சிங்கம் தேங்காயை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. ஒரு பெண் சிங்கம் எழுந்துவந்து பத்திரிகை மேல் உட்கார்ந்துகொண்டது.

"வீட்டம்மா வாங்கிக்கிட்டாக," என்றார் சடையாண்டி. "பத்திரமா இருக்கும்."

அப்புறம் வரிக்குதிரை, காட்டெருமை, ஒட்டகச்சிவிங்கி என்று ஒவ்வொருவராக அழைத்தார்கள். வரிக்குதிரைக் கூட்டம் அழைப்பை முழுவதும் கேட்காமல் ஓடியது. சீருடையோடு இருப்பதால் ஏதோ அவசர வேலை என்று விட்டுவிட்டார்கள். குளத்தில் கிடந்த நீர்யானை வாயை அகலத் திறந்தது. அதற்கு 'வாங்க' என்றுதான் அர்த்தம் என்றும், அழைக்கப் போன வீட்டில் ஒரு வாய்த் தண்ணீராவது குடிக்காமல் திரும்பினால் அவர்கள் மனசு கஷ்டப்படும் என்றும் சடையாண்டி சொல்லவே, வீரணன் சொம்பைத் தேட ஆரம்பித்தான். தவசி வண்டியைக் கிளப்பிவிட்டார்.

வண்டி ஓட்டினாலும் அவர் நெஞ்சு ஆறவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். மொக்கராசுவின் மடியில் ஒரே ஒரு பத்திரிகை தனியாக இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். 'தாய்மாமன் தவசி' என்று அக்கா கையெழுத்தில் எழுதியிருந்தது. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எருமைக்குப் பத்திரிகை வைக்கிறார்கள். சிங்கம் தூங்கி எழுகிற வரைக்கும் காத்துக் கிடக்கிறார்கள். இப்படி ஒருநாள், ஒரே ஒருநாள் தன் வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தால், தான் ஏன் இந்த வனாந்தரத்துக்கு வந்திருக்கப் போகிறோம் என்று நினைத்தார். யானையைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்படலாமா? அவர் பட்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். எல்லாருக்கும் வைத்தாகிவிட்டது. சடையாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்ப சின்னவனுக்கு வைக்கலாம். மொக்கராசு, எந்திரி."

தவசி இறங்காமல் இருக்கையிலேயே திரும்பி உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மொக்கராசு அந்த மஞ்சள் பத்திரிகையைத் தட்டில் வைத்து இரு கையாலும் தூக்கினார். அப்போது மரத்திலிருந்து ஒரு பெரிய குரங்கு மேல்கூரை வழியாகத் தொங்கி, பத்திரிகையை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அதற்குப் பின்னால் வந்த குட்டிக் குரங்கு தட்டையும் எடுத்துக்கொண்டது.

மேலே குரங்கு குங்குமத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு?" என்றார் தவசி. அதுவரை கேட்காத மனிதர் கேட்டுவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போன தடவை ஜன்னல் வழியா எறிஞ்சீக. இந்தத் தடவை கொரங்கு கையில குடுத்தாச்சு. நான் அம்புட்டுத்தானா மச்சான்?"

மொக்கராசுவுக்கும் அழுகை வந்தது. "அய்யோ மாப்ள, வேற பத்திரிகையும் இல்லையே. ஒச்சம்மா என்னைக் கொன்னே போடுவாளே. பூமயிலு மணையில உக்கார மாட்டாளே."

சடையாண்டி மட்டும் கலங்கவில்லை. மரத்தைப் பார்த்தார், தவசியைப் பார்த்தார்.

"தவசி, இது உன் வீடுதான?"

"ஆமா."

"அந்தா உக்காந்திருக்கிறது உன் குடும்பத்து ஆளுதான?"

தவசி யோசித்தார். "நாந்தான் சொன்னேன்."

"நம்ம பத்திரிகை வைக்கப் போற நேரம் வீட்டுக்காரரு கை வேலையா இருந்தா, வீட்டுல வேற ஒருத்தரு வாங்கி வைக்கிறதில்லையா? வீட்டு ஆளு கையில, வீட்டுல வச்சு, தட்டோட வாங்கியாச்சு. இதுல முறை எங்க கெட்டுச்சு?"

தவசி நெற்றியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். யோசிக்க யோசிக்க அது சரியாகவே பட்டது. ஜீப் ஓட்டுகிறார், நாலு பாஷை பேசுகிறார் என்பதால் இவரைப் பற்றி நீங்கள் ஏதாவது நல்ல அபிப்பிராயம் வைத்திருந்தால், இந்த இடத்தில் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரத்தைப் பார்த்து, "தட்டையாவது பத்திரமா வையுங்க," என்று சொன்னார். பிறகு மச்சானைக் கட்டிக்கொண்டார்.

"வர்றேன் மச்சான். முறையா அழைச்சிட்டீக, வராம இருப்பேனா?"

கல்யாணத்தன்று ஒட்டாங்குளத்து மண்டபம் நிறைந்திருந்தது. வாசல் தோரணத்தை ஒட்டகச்சிவிங்கிக்காக உயர்த்திக் கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் நாற்காலிகளை எடுத்துவிட்டு யானைக்கு ஜமக்காளம் விரித்திருந்தார்கள். ஒச்சம்மாள் தம்பியைப் பார்த்ததும், "வந்துட்டியாடா," என்று சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அந்த இடத்தில் நானும் சிரிக்கவில்லை.

முகூர்த்த நேரம் வந்தது. பூமயில் மணைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தவசியிடம் மாலையை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. முகம் மறுபடியும் இறுகியிருந்தது.

"என்ன மாமா?" என்று பதறினாள் பூமயில்.

"எனக்கு ஒன்னுமில்லத்தா. எங்க வீட்டு ஆளுக யாரையும் காணோமே."

"வந்துருவாக மாப்ள, அழைச்சோம்ல," என்றார் மொக்கராசு.

"அழைச்சீக. வண்டி அனுப்பினீகளா? வெளியூரு சொந்தத்தை அழைச்சா, கூட்டியார வண்டி அனுப்புறதில்லையா? எங்க பெரியவரு நடந்தா வருவாரு? கூரை வழியா ஒரு தட்டை நீட்டிட்டா முடிஞ்சுபோச்சா? என் குடும்பம்னா அம்புட்டு எளப்பமா?"

நாதஸ்வரக்காரர் குழலை வாயிலிருந்து எடுத்தார். சடையாண்டி தலையில் அடித்துக்கொண்டார்.

"தப்பு நம்ம பக்கந்தான்," என்றார். "எடுடா வீரணா வண்டிய!"

தேங்காய் ஏற்றுகிற லாரியில் வைக்கோல் பரப்பி, நாலு தலையணை போட்டு, சந்தனக் கிண்ணத்தையும் கொடுத்து வீரணனை அனுப்பினார்கள். லாரி தெருமுனை திரும்புகிற வரை தவசி வாசலில் நின்று பார்த்தார். அப்புறம் உள்ளே வந்து பூமயிலின் கழுத்தில் மாலையைப் போட்டார். போடும்போது குழந்தை மாதிரி அழுதார். அவளும் அழுதாள். தாலி ஏறியது.

சாயங்காலம் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது சடையாண்டிக்கு வீரணனிடமிருந்து போன் வந்தது. தூத்துக்குடியிலிருந்து பேசினான்.

"பெரியண்ணே, ரோடு முடிஞ்சுபோச்சு. இதுக்கு அங்கிட்டு ஒரே தண்ணியாக் கெடக்கு. எம்புட்டுத் தண்ணின்னு தெரியல, கரையே தெரியல. போறப்ப இது இங்க இல்ல அண்ணே. வத்துற வரைக்கும் நிக்கவா, திரும்பி வந்துறவா?"

சடையாண்டி போனைக் கையால் பொத்திக்கொண்டு தவசியிடம் விஷயத்தைச் சொன்னார். அவருக்கே முதல்முறையாக என்ன சொல்வதென்று தெரியவில்லை. தவசி பாயசத்தை இலையில் வழித்துக்கொண்டே யோசித்தார். அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது.

"சந்தனக் கிண்ணத்தோட கரையிலயே நிக்கச் சொல்லுங்க பெரிய மச்சான்," என்றார். "எங்க பெரியவருக்கு நீச்சல் தெரியும்."